டோக்கியோ விழுந்த இரவு: ஒரு பகடைப் பஞ்சாயத்து

ஞாயிறு இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நாங்கள் கணினியில் ஆடும் போர்ப் பலகை ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் பகடைப் புள்ளிவிவரப் பெட்டியின் படம். கீழே ஒரு வரி: "பாத்துக்கோ. இது சகுனி பகடை. இனிமே இந்த ஆட்டத்துக்கு நான் வரல." அனுப்பியவர் எங்கள் குழுவில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். எதிரில் ஆடியவன் எங்களில் இளையவன். இரண்டு நிமிடம் கழித்து அவனும் அனுப்பினான்: "நான் என்ன பண்ணேன்? உருட்டினேன், விழுந்துச்சு. அண்ணன் கோபத்துல ஆட்டத்தையே விட்டுட்டுப் போயிட்டார்."

குழுவில் கணக்கு வாத்தியார் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். ஆட்டத்தின் முழுப் பதிவையும் இறக்கிக்கொண்டு, ஒரு வாரம் கேட்டேன். அண்ணன் வைத்த குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, பகடை ஒருபக்கமாக விழுகிறது. இரண்டு, அதனால்தான் தான் தோற்றேன். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. பகடை நேர்மையாகவே இருந்து ஒருவருக்கு அதிர்ஷ்டம் கெட்டிருக்கலாம். அதிர்ஷ்டம் கெட்டும் தோல்விக்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

ஆட்டம் ஆக்ஸிஸ் அண்ட் அல்லைஸ். லாரி ஹாரிஸ் வடிவமைத்தது. 1981ல் நோவா நிறுவனம் முதலில் வெளியிட்டது, 1984ல் மில்டன் பிராட்லி எடுத்துப் பரவலாக்கியது. நாங்கள் கணினியில் ஆடுவது 2012ல் வந்த '1942' இரண்டாம் பதிப்பின் விதிகளை. இரண்டாம் உலகப் போர் வரைபடம், ஐந்து நாடுகள், ஆறுமுகப் பகடை. அண்ணன் அச்சு நாடுகள், அதாவது ஜெர்மனியும் ஜப்பானும். தம்பி நேச நாடுகள்.

ஆடாதவர்களுக்கு விதி இவ்வளவு போதும். சண்டையில் ஒவ்வொரு படைக்கும் ஒரு பகடை. படையின் பலத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ எண் விழுந்தால் அடி. காலாளுக்குத் தாக்கும்போது பலம் 1, காக்கும்போது 2, விலை 3 காசு. டாங்குக்கு இரண்டுக்கும் 3, விலை 6. போர் விமானத்துக்குத் தாக்க 3, காக்க 4, விலை 10. இரு பக்கமும் உருட்டிய பிறகே செத்த படைகளை எடுப்பார்கள். இங்கே சின்ன எண்தான் நல்ல எண் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாயத்தில் ஒன்று விழ ஏங்குவது போலத்தான் இங்கேயும்.

பகடை நேர்மையா?

அண்ணன் உருட்டிய பகடைகள் மொத்தம் 372. நேர்மையான பகடை என்றால் ஒவ்வொரு முகமும் 62 முறை வர வேண்டும். பதிவில் இருந்தது: ஒன்று 58, இரண்டு 55, மூன்று 66, நான்கு 61, ஐந்து 64, ஆறு 68. "பாத்தியா, ஆறுதான் அதிகம்!" என்றார். ஆமாம், ஆறு அதிகம். ஆனால் எவ்வளவு அதிகம் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு முகத்திலும் 62க்கும் வந்த எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கம் செய்து, 62ஆல் வகுத்துக் கூட்டினால் வருவது 1.97. கை-வர்க்கச் சோதனை (chi-square) என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். ஆறு முகத்துக்குச் சந்தேகம் தொடங்கும் எல்லை 11.07. நாம் அந்த எல்லையின் பக்கத்தில்கூட இல்லை. சராசரி 3.60, இருக்க வேண்டியது 3.50. 372 பகடைக்கு இந்த அளவு ஏறி இறங்குவது அன்றாடம் நடப்பது.

இந்த மாதிரி ஆட்டங்களில் பகடையைப் பெரும்பாலும் ஆடுபவரின் கணினி உருட்டுவதில்லை. நாள் கணக்கில் இழுத்து ஆடும் ஆட்டம் என்றால் தனியாக ஒரு சர்வர் உருட்டி, விழுந்த எண்களை இருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பும். பிடிக்காத எண் விழுந்தால் ஆட்டத்தை மூடித் திறந்து மறுபடி உருட்டும் கள்ளத்தனத்துக்கு அங்கே இடமில்லை. எங்கள் ஆட்டத்தின் அஞ்சல்களையும் பதிவையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். சலிப்பான வேலை. ஒரு எண்கூட மாறவில்லை. முதல் குற்றச்சாட்டு அதோடு முடிந்தது.

ஆனால் அண்ணனின் சந்தேகம் முட்டாள்தனம் இல்லை. ஒரு ஆட்டத்தில் சின்னதும் பெரியதுமாக 40 சண்டை நடக்கிறது என்று வையுங்கள். இருபதில் ஒருமுறை மட்டுமே நடக்கக்கூடிய கேவலமான உருட்டல், அந்த நாற்பதில் ஒரு தடவையாவது நடக்க 87 சதவீதம் வாய்ப்பு. ஏறக்குறைய ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொருவரும் 'இப்படியும் விழுமா' என்று ஒருமுறை தலையில் கைவைத்தே தீர வேண்டும். அதைத்தான் நாம் படமெடுத்து அனுப்புகிறோம். நமக்கு அப்படி நல்லபடியாக விழுந்ததை யாரும் படமெடுப்பதில்லை.

அடிகளை எண்ணிப் பார்த்தால்

அண்ணன் பெட்டியில் காட்டிய சராசரி உண்மையில் எதற்கும் உதவாது. காலாள் தாக்கும்போது 2 விழுந்தாலும் 6 விழுந்தாலும் தவறியது தவறியதுதான். டாங்குக்கு 1ம் 3ம் ஒன்றே. ஆறுகள் எல்லாம் காலாட்களுக்கு விழுந்து, மூன்றுகள் எல்லாம் டாங்குகளுக்கு விழுந்திருந்தால் சராசரி மோசமாகத் தெரியும், ஆள் ராஜா மாதிரி ஆடியிருப்பார். ஆகவே எண்ணைப் பார்க்கக் கூடாது, அடியைப் பார்க்க வேண்டும்.

அடுத்த படியாக எல்லோரும் செய்வது இது: ஒவ்வொரு படைக்கும் அடி விழும் வாய்ப்பைக் கூட்டி, எதிர்பார்த்த அடியையும் விழுந்த அடியையும் ஒப்பிடுவது. செய்தேன். அண்ணனுக்கு வர வேண்டியது 131, வந்தது 124. தம்பி 341 பகடை உருட்டினான்; வர வேண்டியது 117, வந்தது 123. அண்ணனுக்கு ஏழு குறைவு, தம்பிக்கு ஆறு கூடுதல், மொத்தம் 13 அடி வித்தியாசம். இத்தனை பகடைக்கு இந்த வித்தியாசத்தின் இயல்பான அலைச்சல் 12 அடிக்குக் கொஞ்சம் மேல். இப்படியோ இதைவிட மோசமாகவோ அண்ணன் பக்கம் சாய, ஏழு ஆட்டத்துக்கு ஒருமுறை வாய்ப்பு உண்டு.

குழுவில் பாதிப் பேர் இத்துடன் தீர்ப்பை எழுதச் சொன்னார்கள். 'லேசாக அதிர்ஷ்டம் கெட்டது, அவ்வளவுதான்' என்று. எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஏழு அடி எங்கே குறைந்தது என்று தேடிப் போனபோதுதான் இந்தக் கணக்கின் ஓட்டை தெரிந்தது.

இரண்டாம் சுற்றில் ஜெர்மனி உக்ரைனைத் தாக்குகிறது. 10 காலாள், 4 பீரங்கி, 6 டாங்க், 3 விமானம், மொத்தம் 23 பகடை. பீரங்கி பக்கத்தில் நின்றால் காலாளின் தாக்குபலம் 2 ஆகும் என்பதையும் சேர்த்தால் எட்டு அடிக்குச் சற்று மேல் விழ வேண்டும். விழுந்தது மூன்று. நூறில் ஒன்றிரண்டு முறை நடக்கக்கூடிய உருட்டல். அண்ணன் பிறகு அனுப்பிய படங்களில் இதுவும் ஒன்று, சிவப்பு வட்டம் போட்டு. எதிரில் இருந்தது ஏழே காலாள். மூன்று செத்தது, நான்கு மிஞ்சியது. அடுத்த உருட்டலில் அந்த நாலும் காலி. எட்டு அடி விழுந்திருந்தால் முதல் உருட்டலிலேயே முடிந்திருக்கும். இப்போது மிஞ்சிய நாலு பேரும் இன்னொரு தடவை உருட்டினார்கள், அதில் ஒரு அடி விழுந்தது. நஷ்டம்: ஒரு காலாள். மூன்று காசு.

ஆக, அண்ணனின் மொத்தக் குறை ஏழு அடியில் ஐந்து இந்த ஒரே உருட்டலில் போயிருக்கிறது. அதன் விலை மூன்று காசு.

இப்போது டோக்கியோவுக்கு வருவோம்.

டோக்கியோவில் நடந்தது

ஐந்தாம் சுற்று. ஜப்பானை ஆடுபவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் அண்ணனும் செய்தார். 15 காசுக்கு ஒரு தொழிற்சாலை என்று ஆசிய நிலப்பரப்பில் இரண்டைக் கட்டி, வாங்கும் படையை எல்லாம் அங்கேயே இறக்கிக்கொண்டிருந்தார். தலைநகரில் மிஞ்சியது மூன்று காலாள். விமான எதிர்ப்புப் பீரங்கியைக்கூட முந்தைய சுற்றிலேயே மஞ்சூரியாவுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு கடல் பகுதி தள்ளி தம்பியின் அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஒன்று, ஒரு காலாள், ஒரு டாங்க் ஏற்றிக்கொண்டு நிற்கிறது. துணைக்குப் போர்க்கப்பல் எதுவும் இல்லை. ஜப்பானின் முறை முடிந்து, வருமானம் 38 காசைக் கையில் வாங்குகிறார். அடுத்த முறை அமெரிக்காவுடையது.

தலைநகர் விழுந்தால் கையிலிருக்கும் காசு முழுக்க எதிரிக்குப் போகும். மீட்கும்வரை வருமானமும் கிடையாது, புதிதாக எதுவும் வாங்கவும் முடியாது. இது இந்த ஆட்டத்தின் மிகக் கொடுமையான விதி.

தம்பி இறங்கினான். பதிவில் இருப்பது அப்படியே:

முதல் உருட்டல். தாக்கும் காலாள் 1, டாங்க் 3. இரண்டும் அடி. காக்கும் மூவர் 5, 2, 6. ஒரு அடி. தம்பி காலாளைக் கொடுத்தான். மிஞ்சியது டாங்க் ஒன்று, காலாள் ஒன்று.
இரண்டாவது. டாங்க் 5, காலாள் 4. இருவரும் தவறவிட்டார்கள்.
மூன்றாவது. டாங்க் 2, காலாள் 3. டோக்கியோ போயிற்று.

அடிக்கணக்கில் இதை வையுங்கள். தம்பிக்கு வர வேண்டியது 1.67, வந்தது 3. அண்ணனுக்கு வர வேண்டியதும் 1.67, வந்தது 1. இருவரையும் சேர்த்து இரண்டே இரண்டு அடி வித்தியாசம். ஆட்டத்தையே கவிழ்த்த சண்டை புள்ளிவிவரப் பெட்டியில் தூசி மாதிரி கிடக்கிறது. மூன்று காசு சண்டை மலை மாதிரி நிற்கிறது. இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அதிர்ஷ்டத்தைப் பேசுவது, கல்யாண வீட்டில் எத்தனை தட்டு உடைந்தது என்று எண்ணி விருந்து எப்படி என்று சொல்வது போல.

சரி, வேறு எப்படி அளப்பது? பேக்கேமன் என்ற இரட்டைப் பகடைப் பலகை ஆட்டம் ஆடுபவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். குனூ பேக்கேமன் போன்ற மென்பொருள், ஒவ்வொரு உருட்டலுக்கும் முன்னால் அந்த நிலையில் விழக்கூடிய 21 விதமான உருட்டல்களின் சராசரி மதிப்பைக் கணக்கிடும். விழுந்த பிறகு கிடைத்த மதிப்பிலிருந்து அதைக் கழிக்கும். மிஞ்சுவதுதான் அந்த உருட்டலின் அதிர்ஷ்டம். பெரிய எண் விழுந்ததா என்பது அல்ல, உன் நிலைமை எவ்வளவு மாறியது என்பதே கணக்கு. எங்கள் ஆட்டத்தின் முழு வரைபடத்தையும் அப்படி மதிப்பிடும் துல்லியமான கருவி என் கையில் இல்லை. ஆனால் ஒரு சண்டைக்குள் அதையே செய்யலாம், பேனாவும் காகிதமும் போதும்.

கீழிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். முதலில் கடைசி நிலை: ஒரு டாங்க், எதிரே ஒரு காலாள். டாங்குக்கு அடி விழ 1/2, காலாளுக்கு 1/3. டாங்க் அடித்து காலாள் தவறினால் வெற்றி: 1/2 × 2/3, அதாவது 1/3. இருவரும் தவறினால் மறுபடி உருட்டல், அதுவும் 1/3. மிச்சம் 1/3ல் டாங்க் செத்துவிடும். காலாளும் கூடவே செத்தாலும் நகரைப் பிடிக்க ஆள் இல்லை. மறுபடி உருட்டுவதை விட்டுவிட்டால் வெற்றியும் தோல்வியும் சமம், 50 சதவீதம். இதை வைத்துக்கொண்டு ஒரு டாங்க் எதிர் இரண்டு காலாள் (14 சதவீதம்), காலாளும் டாங்கும் எதிர் இரண்டு காலாள் (51) என்று மேலே ஏறினால், கடைசியில் டோக்கியோ வருகிறது: காலாளும் டாங்கும் எதிர் மூன்று காலாள். தம்பிக்கு வெற்றி வாய்ப்பு 17.4 சதவீதம்.

இப்போது அந்த மூன்று உருட்டலையும் மறுபடி பாருங்கள். தொடங்கும்போது 17. முதல் உருட்டல் முடிந்ததும் 50. இரண்டாவதில் அசையவில்லை. மூன்றாவதில் 100. அண்ணன் பொருமியது முதல் உருட்டலில் காலாளுக்கு விழுந்த ஒன்றைப் பற்றி. ஆனால் அவரை அதிகம் அடித்தது மூன்றாவது, அது வெறும் பூவா தலையா. மொத்தத்தில் 83 புள்ளி துரதிர்ஷ்டம். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை: ஆறு முறை இதே சண்டை நடந்தால் ஐந்து முறை டோக்கியோ தப்பிக்கும்.

ஆனால் அந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது? இது பகடை கொடுத்ததல்ல. டோக்கியோவில் இரண்டே காலாள் இருந்திருந்தால் தம்பியின் வாய்ப்பு 51. மூன்றுக்கு 17. நான்கு இருந்திருந்தால் 4. அந்த நான்காவது காலாளின் விலை 3 காசு. அதுவும் செலவுகூட அல்ல. எப்படியும் வாங்கிய காலாளை மஞ்சூரியாவில் இறக்காமல் டோக்கியோவில் இறக்குவது, அவ்வளவுதான். பதின்மூன்றரைப் புள்ளி ஆபத்து குறையும். கையிலிருந்த 38 காசை மட்டும் எடுத்தாலே, அதில் பதின்மூன்றரை சதவீதம் ஐந்து காசுக்கு மேல். தலைநகர் போவதால் வரும் மற்ற நஷ்டங்களை நான் எண்ணவே இல்லை.

இதைச் சொன்னதும் அண்ணன், "சரி, அப்போ அவன் பண்ணது மட்டும் புத்திசாலித்தனமா? ஆறுல ஒண்ணுக்குப் போய் விழுந்தான்!" என்றார். நல்ல கேள்வி. காலாள், டாங்க், 7 காசுக் கப்பல் என்று 16 காசுப் பொருளைத் தம்பி பணயம் வைத்தான். 38 காசில் 17.4 சதவீதம் ஆறரைக் காசு. அதோடு ஜப்பானின் வருமானம் நிற்பது, அதன் படைவாங்கல் நிற்பது. என் கணக்கில் அது எடுக்க வேண்டிய ஆபத்துதான், தோற்றிருந்தாலும். ஜெயித்ததால் சரியான முடிவு என்று நான் சொல்லவில்லை. உருட்டுவதற்கு முன்பே சரி. தம்பி இதைக் கேட்டு ரொம்பப் பூரித்துப் போனான். அவனிடம் கேட்டால் இந்தக் கணக்கு எதுவும் போடவில்லை, "காலியா இருந்துச்சு, போனேன்" என்கிறான்.

எகிப்தை யாரும் பேசவில்லை

அண்ணன் அனுப்பிய படங்கள் ஏழு. ஏழும் அவர் அடிவாங்கியவை. மூன்றாம் சுற்றில் ஜெர்மனி எகிப்தைப் பிடித்தது எந்தப் படத்திலும் இல்லை. நானாகத் தேடித்தான் எடுத்தேன்.

ஒரு காலாளும் இரண்டு டாங்கும் கொண்டு, மூன்று பிரிட்டிஷ் காலாட்கள் மேல் போனார். தொடக்கத்தில் அவருக்கு 61 சதவீதம், நியாயமான தாக்குதல். முதல் உருட்டலில் 4, 5, 4. ஒரு அடிகூட இல்லை. எதிரே 2, 6, 3, ஒரு அடி. காலாள் போயிற்று. இப்போது இரண்டு டாங்க் எதிர் மூன்று காலாள்: 27 சதவீதம். தரைச் சண்டையில் பின்வாங்கலாம். பன்னிரண்டு காசு டாங்குகளைக் காப்பாற்றிக்கொண்டு லிபியாவுக்குத் திரும்பியிருக்கலாம். அண்ணன் திரும்பவில்லை. அடுத்த உருட்டலில் டாங்குகளுக்கு 1, 3. இரண்டும் அடி. எதிரே 5, 4, 1. ஒரு டாங்க் போய், ஒன்றுக்கு ஒன்று, 50. கடைசியில் டாங்க் 2, காலாள் 6. எகிப்து விழுந்தது. சூயஸ் கால்வாயின் ஒரு சாவி கைக்கு வந்தது.

61, 27, 50, 100. தொடக்கத்திலிருந்து பார்த்தால் 39 புள்ளி அதிர்ஷ்டம். பின்வாங்க வேண்டிய இடத்திலிருந்து பார்த்தால் 73. அடிக்கணக்கில்? வர வேண்டியது 2.67, வந்தது 3. பெட்டியைப் பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

அண்ணனிடம் இதைக் காட்டினேன். "அது என் தைரியம்" என்றார். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் என் பழைய ஆட்டங்களில் நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். தோற்ற சண்டையில் பகடை தெரியும், வென்ற சண்டையில் நாம் தெரிவோம்.

அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. எகிப்தின் 39ஐயும் டோக்கியோவின் 83ஐயும் நேராகக் கழித்துவிட முடியாது. பணயம் வேறு வேறு. ஒவ்வொரு சண்டைக்கும் பத்துக்கு எத்தனை எடை என்று இருவரையும் தனித்தனியாக, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் எனக்கு அனுப்பச் சொன்னேன். டோக்கியோவுக்கு இருவருமே பத்து போட்டார்கள். எகிப்துக்கு அண்ணன் நான்கு, தம்பி ஆறு. உக்ரைனுக்கு அண்ணனே ஒன்றுதான் போட்டார், சிவப்பு வட்டம் போட்ட அதே கை. தம்பியின் எடையை எடுத்தாலும் நிகரத்தில் அண்ணனுக்குத்தான் கெட்ட நாள். அதைத் தீர்ப்பில் முதல் வரியாக எழுதினேன், தம்பிக்குப் பிடிக்கவில்லை என்றாலும்.

இதே சமயத்தில் குழுவில் இன்னொருவர், இனிமேல் 'லோ லக்' முறையில் ஆடலாமே என்றார். ட்ரிபிள்ஏ போன்ற மென்பொருளில் இந்த வசதி உண்டு. படைகளின் பலத்தையெல்லாம் கூட்டி ஆறால் வகுப்பார்கள்; ஈவு அத்தனை நிச்சய அடி, மீதிக்கு மட்டும் ஒரே ஒரு பகடை. டோக்கியோவை இந்த முறையில் போட்டுப் பார்த்தேன். மூன்று காலாளின் காக்கும் பலம் ஆறு, அதாவது உருட்டாமலே ஒரு அடி. தம்பியின் காலாளும் டாங்கும் சேர்ந்து நான்கு, ஒரு பகடை, நாலுக்குள் விழ வேண்டும். ஒரே உருட்டலில் இரண்டு அடி என்பதே நடக்காது. வாய்ப்பு 17லிருந்து 7க்குக் கீழே இறங்குகிறது, பதினைந்தில் ஒன்று.

அண்ணனுக்கு உடனே பிடித்துப்போயிற்று. எனக்கு அவ்வளவு இல்லை. அந்த முறையில் ஆடுபவர்கள் தேவையான அளவுக்கு ஒரு படைகூட அதிகம் அனுப்பாமல் கத்தியால் வெட்டினாற்போல் கணக்குப் போடுவார்கள். தப்பு நடந்தால் என்ன செய்வது என்று கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு ஆடும் பழக்கம் அங்கே தேவையே இல்லை. டோக்கியோவை மூன்று காலாளோடு விடுவது இங்கே கவனக்குறைவு, அங்கே சிக்கனம். எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டும் வேறு ஆட்டம்.

ஆட்டம் எப்போது முடிந்தது

தீர்ப்பை எழுதி அனுப்பும் முன், வழக்கம்போலக் கடைசி நிலையைத் திரையில் திறந்து வைத்தேன். டோக்கியோ விழுந்த அடுத்த நிமிடமே அண்ணன் 'சரணடைகிறேன்' பொத்தானை அழுத்தியிருந்தார். அதற்கு மேல் பதிவு இல்லை. இவ்வளவு நாளும் நான் விழுந்த பகடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன்.

டோக்கியோவில் அமெரிக்க டாங்க் ஒன்று. அது மட்டும்தான். புதிதாகப் பிடித்த இடத்தில் அதே முறையில் விமானம் இறங்க முடியாது. அடுத்து ரஷ்யா, ஜெர்மனி, பிரிட்டன், அப்புறம் ஜப்பான். அமெரிக்காவின் அடுத்த முறை ஜப்பானுக்கும் பிறகுதான், ஆகவே அதற்குள் தம்பி ஒரு ஆளைக்கூடச் சேர்க்க வழியில்லை. பிரிட்டிஷ் விமானம் எதுவும் எட்டும் தூரத்தில் இல்லை, எண்ணிப் பார்த்தேன்.

மஞ்சூரியா கடலோரத்தில் ஜப்பானின் சரக்குக் கப்பல் ஒன்று சும்மா நிற்கிறது. கரையில் காலாட்களும் டாங்குகளும் குவிந்து கிடக்கின்றன. தலைநகர் போனால் வாங்கத்தான் முடியாது, நகர்த்தலாம், தாக்கலாம். ஒரு காலாளையும் ஒரு டாங்கையும் ஏற்றி டோக்கியோவில் இறக்கினால், எதிரே மூன்று பலத்தில் காக்கும் ஒற்றை டாங்க். அதே காகிதத்தில் கணக்குப் போட்டேன். 82 சதவீதம். நிலப்பரப்பில் நிற்கும் ஜப்பானிய விமானம் ஒன்றைக்கூடச் சேர்க்காமல். மீட்டிருந்தால் 38 காசு போனதுதான், ஆனால் அந்தச் சுற்றின் முடிவிலேயே மறுபடி வருமானம் வந்திருக்கும்.

தீர்ப்பில் மூன்று வரி எழுதினேன். பகடை நேர்மையானது. அண்ணனுக்கு அதிர்ஷ்டம் கெட்டது உண்மை. ஆட்டம் தோற்றது டோக்கியோவில் அல்ல, பொத்தானில். கூடவே அந்த வரைபடத்தின் படத்தை, மஞ்சூரியா கடலோரத்தில் சிவப்பு வட்டம் போட்டு, அனுப்பினேன்.

இரண்டு நீலக்குறி விழுந்தும் ரொம்ப நேரம் பதில் இல்லை. ஒரு மணி வாக்கில் வந்தது.

"அந்தக் கப்பல் அங்கயா நின்னுச்சு?"

கொஞ்சம் கழித்து, தம்பிக்கு: "டேய், சேவ் பண்ணி வச்சிருக்கியா?"